சாக்லேட் அத்தைக்குக் கிளை வேண்டாம்

பாப்பா,

போனில் நீ சொன்னதை நான் சாக்லேட் கடை அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. "அவங்களுக்கு வியாபாரமே தெரியலப்பா, ஊரே உயிரா இருக்கிற கடையை வச்சுக்கிட்டு இன்னும் ஒரே அறையில உட்கார்ந்திருக்காங்க, நாலு கிளை போடலாம், பணம் போட ஆள் நானே பார்த்துத் தரேன்" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். பள்ளி விட்டதும் பையோடு நேராக அந்தக் கடை வாசலில் போய் நின்றவள் நீ, உனக்கு அக்கறை இல்லாமல் யாருக்கு இருக்கும்? ஆனால் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஓய்வு பெற்ற பிறகு நான் காலை வேளைகளில் அங்கே போய்க் கோகோ கொட்டை பொறுக்கிக் கொடுப்பது உனக்குத் தெரியும். கல், குச்சி, ஒட்டிக்கொண்ட கொட்டை, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் தனியே எடுக்க வேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும் வேலை, வாய்க்கு ஓய்வு. இந்த வயதில் எனக்கு அது பிடித்திருக்கிறது. வாடிக்கையாளராக வாசலில் நின்றபோது தெரியாத பல விஷயங்கள் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தன. அந்தக் கடையை ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது என்பதற்கான காரணமும் அதில் ஒன்று.

புது மூட்டை வந்து இறங்கியதும் அத்தை வேறு எந்த வேலையும் பார்க்க மாட்டார். மூட்டையின் மேலிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம் என்று கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சின்னக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பலகையில் வரிசையாக அடுக்குவார். உள்ளே பழுப்பு நிறமாக, மடிப்பு மடிப்பாகப் பிளவு விட்டிருந்தால் நன்றாகப் புளித்த கொட்டை. ஊதாவாக இருந்தால் அரைகுறை. சாம்பல் நிறத்தில், பிளவே இல்லாமல் கெட்டியாக இருந்தால் புளிக்கவே இல்லை என்று அர்த்தம், அதை எப்படி வறுத்தாலும் எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் கசப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். பலகையைப் பார்த்துவிட்டு அவர் முகம் மாறுவதை வைத்தே அந்த மூட்டையின் தலையெழுத்தை நான் சொல்லிவிடுவேன்.

இங்கேதான் உன் கிளை யோசனை முதலில் இடிக்கிறது. சாக்லேட்டின் சுவையில் பெரிய பங்கு கடையில் பிறப்பதே இல்லை, தோட்டத்திலேயே பிறந்துவிடுகிறது. ஒரு கோகோ காய்க்குள் முப்பதிலிருந்து ஐம்பது விதை வரை வெள்ளைச் சதையோடு இருக்கும். அதைச் சதையோடு மரப்பெட்டியில் குவித்து வாழையிலை போட்டு மூடி 5 முதல் 7 நாள் வரை புளிக்க விடுகிறார்கள். முதலில் ஈஸ்ட் வேலை செய்கிறது, அப்புறம் பாக்டீரியா. அடுப்பே இல்லாமல் அந்தக் குவியல் தானாக 45, 50 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை செத்துப்போகிறது, அதன் பிறகு உள்ளே நடக்கிற மாற்றங்கள்தான் பின்னால் வறுக்கும்போது சாக்லேட் வாசனையாக வெளியே வருகின்றன. பெட்டியைக் கிளறிவிட ஒரு நாள் தாமதமானாலோ, காயப் போட்ட நேரத்தில் மழை பிடித்துக்கொண்டாலோ போச்சு, இங்கே எந்த மெஷின் வைத்தும் சரிசெய்ய முடியாது.

ஒரு தடவை பலகை முழுக்க ஊதா. நானாக இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடியிருப்பேன். அத்தை அந்த விவசாயிக்குப் பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, அடுத்த அறுவடைக்குக் கடையை மூடிவிட்டு நேரில் போய்த் தோட்டத்திலேயே தங்கினார். அந்த விவசாயி வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததால் பெட்டியைத் திறந்து கிளறும் நாள் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது, காரணம் அவ்வளவுதான். கூட இருந்து இரண்டு பேருமாகப் பெட்டியைக் கிளறும் நேரத்தை எழுதி ஒட்டிவிட்டு வந்தார். அதற்கப்புறம் அந்தத் தோட்டத்திலிருந்து வந்ததில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. உறையில் அந்தத் தோட்டத்தையும் அறுவடை ஆண்டையும் அவர் அச்சடிப்பதை நீ வெறும் அலங்காரம் என்று நினைத்திருக்கலாம். அந்த ஒரு வரியை எழுத அவருக்குத்தான் உரிமை இருக்கிறது. நாலு கிளைக்கு வேண்டிய கொட்டையை இரண்டு மூன்று தோட்டத்திலிருந்து வாங்க முடியாது, சந்தையில்தான் வாங்க வேண்டும், அங்கே நூறு தோட்டத்துக் கொட்டை ஒரே மூட்டையில் கலந்து கிடக்கும். அதில் ஊதா வந்தால் யாரைப் போய்க் கேட்பது?

வறுப்பதையும் தோல் நீக்கிப் புடைப்பதையும் விட்டுவிடுகிறேன். அரைப்பதைக் கேள். உலகம் முழுக்கச் சின்னச் சாக்லேட் கடைகள் பலவற்றில் ஓடுவது மாவு கிரைண்டரின் வழியில் வந்த கல் இயந்திரம்தான், இவரிடம் இருப்பதும் அதுவே. இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் இடைவிடாமல் ஓடும். துகள் 20 மைக்ரான் அளவுக்கு இறங்க வேண்டும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), 30-ஐத் தாண்டினால் நாக்கில் நறநறவென்று தெரிந்துவிடும். அரைபட அரைபடப் புளிப்பு வாடை கிளம்பிப் போய்க் கொண்டே இருக்கும், முதல் நாள் அந்த அறைக்குள் போனால் மூக்கு எரியும், மூன்றாம் நாள் போனால் வெளியே வர மனசு வராது. இப்படி நீண்ட நேரம் உருட்டிப் பிசைந்து மென்மையாக்கும் முறையை ரோடால்ஃப் லிண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1879-இல் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் சாப்பிடும் சாக்லேட் கரகரப்பாகத்தான் இருந்ததாம்.

அடுத்து டெம்பரிங், அதாவது உருக்கிய சாக்லேட்டைச் சூடேற்றி இறக்கிப் பதப்படுத்துவது. இதை நீ ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கோகோ வெண்ணெய் உறையும்போது ஆறு விதமான படிகங்களாக உறையக் கூடியது. அதில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டும், ஏனென்றால் அது உருகுவது 34 டிகிரிக்குப் பக்கத்தில், அதாவது உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதனால்தான் உடைத்தால் டக்கென்று உடைந்து, வாயில் போட்டதும் கரைந்து ஓடுகிறது. அந்த ஐந்தாவதைப் பிடிக்க, கறுப்பு சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் சூடாக்கி எல்லாப் படிகங்களையும் அழித்து, பளிங்குப் பலகையில் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து 27, 28-க்கு இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்ற வேண்டும். அத்தை தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார், ஆனால் கரண்டியிலிருந்து அது வழிகிற விதத்தைப் பார்த்தே தலையசைத்து விடுவார். அப்புறமும் நம்ப மாட்டார், கத்தி நுனியை முக்கி எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருப்பார். பளபளவென்று இறுகினால்தான் அச்சில் ஊற்றுவார். கோடு கோடாக வெளுத்தால் முழுவதையும் மறுபடி உருக்கிவிடுவார், வாசலில் எத்தனை பேர் நின்றாலும் சரி. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் உருகிய சாக்லேட் மொத்தமும் கட்டிதட்டிப் போகும் என்பதால் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் தண்ணீர்ச் செம்போடு யாரும் போகக் கூடாது, நான் உட்பட.

நீ பார்த்துத் தருகிற ஆள் முதலில் கேட்கப் போவது இதைத்தான்: ஏன் இவ்வளவு பாடு, கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டு வேறு தாவரக் கொழுப்பைப் போடலாமே? போடலாம். டெம்பரிங்கே தேவையில்லை, வெயிலில் அவ்வளவு சீக்கிரம் இளகாது, எவ்வளவு தூரத்துக்கும் அனுப்பலாம், செலவும் குறைவு. சாப்பிட்டால் அண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொண்டு நிற்கும், அது ஒன்றுதான் குறை. கிளைகளுக்கும் தூரத்து ஊர்களுக்கும் இது எவ்வளவு வசதி என்று உனக்கே புரியும். அத்தையின் கடையில் இது ஒரு நாள் நுழைந்துவிட்டால் வாசலில் இருக்கிற பெயர்ப் பலகை மட்டும்தான் பழையதாக இருக்கும்.

2024-இல் என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும், உன் துறைதானே. உலகத்துக் கோகோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே பருவநிலை கெட்டது, மரங்கள் கிழடாகிவிட்டன, நோய் வேறு. விளைச்சல் சரிந்து, நியூயார்க் சந்தையில் ஒரு டன் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. அப்போது பல இடங்களில் சாக்லேட் கட்டி சத்தமில்லாமல் இளைத்தது. அத்தை கட்டியைச் சின்னதாக்கவில்லை. விலையை ஏற்றிவிட்டு, ஏன் ஏற்றினேன், தோட்டத்துக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஆட்கள் நின்று படித்தார்கள். முணுமுணுத்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆட்கள்தான் மறுபடி வந்தார்கள்.

அமெரிக்காவில் ஷார்ஃபன் பெர்கர் என்று ஒரு கம்பெனி, கொட்டையிலிருந்து கட்டி வரை தாங்களே செய்கிற சின்னக் கடைகளின் இன்றைய அலைக்கே அவர்கள்தான் அங்கே முன்னோடி. 2005-இல் பெரிய சாக்லேட் கம்பெனியான ஹெர்ஷி அதை வாங்கியது. 2009-இல் பெர்க்லியில் இருந்த தொழிற்சாலையை மூடினார்கள். பல வருடம் கழித்து ஹெர்ஷியே அதை வேறு கைக்கு விற்றுவிட்டது. வாங்கியவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, பெரிய கம்பெனிக்கு அதன் கணக்கு இருக்கும். ஆனால் ஒரு கடை எதனால் நல்ல கடையாக இருக்கிறதோ அது பெரும்பாலும் விற்பனைப் பத்திரத்தில் எழுதி வாங்கக் கூடிய சமாசாரம் இல்லை.

போன மாதம் ஒரு சின்னப் பையன் வந்து உடைசல் வாங்கினான். உனக்குக் கொடுத்த அதே கண்ணாடி ஜாடியிலிருந்துதான். வாங்கியவன் ஒரு துண்டை வாசலில் காத்திருந்த நாய்க்குட்டியிடம் நீட்டப் போனான். மாவுக் கையோடு அத்தை ஓடிப்போய்த் தடுத்தார். சாக்லேட்டில் இருக்கிற தியோபுரோமின் நாய்க்கு விஷம், கறுப்பு சாக்லேட்டில் அது இன்னும் அதிகம் என்று அவன் உயரத்துக்குக் குனிந்து சொல்லிக் கொடுத்துவிட்டு, அவன் கண் கலங்கியதைப் பார்த்து, குட்டிக்கு என்று உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து வந்தார். சர்க்கரை நோயாளி என்று சொல்லி யாராவது வந்தாலும் அப்படித்தான், "கறுப்புன்னா சாப்பிடலாம்" என்று தலையில் கட்டி அனுப்ப மாட்டார். இதில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு கொழுப்பு என்று சொல்லி டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்வார். அந்த நேரத்தில் விற்பனை போனதைப் பற்றி அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. ஊர் உயிராக இருக்கிறது என்றாயே, இதற்குத்தான் பாப்பா.

இதனால் நீ சொன்னது எல்லாமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு விஷயத்தில் உன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஒன்று, அவர் தன் உழைப்பை விலையில் சேர்ப்பதே இல்லை. கொட்டை, சர்க்கரை, உறை, மின்சாரம், உதவிக்கு வருகிற பெண்ணின் சம்பளம் எல்லாம் நோட்டில் இருக்கிறது, அத்தை என்ற ஆளுக்கு மட்டும் வரியே இல்லை. நான் சொன்னால் "அதுக்கென்ன அண்ணே, சாப்பாட்டுக்கு வருது" என்கிறார். இது சரியில்லை, இப்படியே போனால் கடை நிற்காது. இன்னொன்று, அவருக்குப் பிறகு யார்? உதவிக்கு இருக்கிற பெண் கெட்டிக்காரி, டெம்பரிங் கை வந்துவிட்டது, ஆனால் வறுக்கிற இடத்தில் அத்தை அவளை இன்னும் நிற்க விடுவதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, சொல்லியும் விட்டேன். நாலு மூட்டை கருகினால்தான் என்ன, கருகாமல் யார் கற்றுக்கொண்டார்கள்?

ஆகவே உன்னிடம் நான் கேட்பது பணம் போடும் ஆளை அல்ல, உன்னைத்தான். லீவில் வரும்போது ஒரு முழு நாள் அவரோடு உட்கார்ந்து அந்த நோட்டைப் பார். அவருடைய சம்பளத்தைச் சேர்த்து ஒரு கட்டிக்கு என்ன அடக்கம் ஆகிறது என்று போட்டுக் காட்டு. குளிர் மாதங்களில் மட்டும் வெளியூருக்கு அனுப்பினால் எவ்வளவு தாங்கும் என்றும் பார். அந்தப் பெண்ணைக் கூட்டாளியாகச் சேர்க்கிற பேச்சை எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. நான் சொன்னால் அண்ணன் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிடுவார், நீ சொன்னால் கேட்பார், உன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

பார்சல் அனுப்பியிருக்கிறேன், புது அறுவடை. தயவுசெய்து ஃபிரிட்ஜில் போடாதே, வெளியே எடுத்ததும் வேர்த்து, சர்க்கரை மேலே வந்து வெள்ளை பூத்துவிடும், பக்கத்தில் இருக்கிற வெங்காய வாடையையும் இழுத்துக்கொள்ளும். வெயில் படாத அலமாரியில் டப்பாவில் மூடி வை. நீ எப்போது வருகிறாய் என்பதை என்னிடம் சொல்லாமல் அத்தைக்கே போன் போட்டுச் சொல். மாலை நாலு மணிக்கு மேல் கூப்பிடு, அதற்குள் டெம்பரிங் முடிந்திருக்கும், நிதானமாகப் பேசுவார்.

அப்பா