பூட்டில்லாத அலமாரி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன்; திட்டுவதையெல்லாம் நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே அனைவரும் நலம். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர முடிவுசெய்த கையோடு, பாடப் பொருள்களுக்கென்று ஆளுயர அலமாரி ஒன்றைப் பூட்டுடன் செய்யச் சொல்லியிருப்பதாக நீ எழுதியதைப் படித்ததும், விடுதியில் இருந்த உன் டிரங்குப் பெட்டி கண்முன் வந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

1907-இல் ரோம் நகரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தொடங்கிய முதல் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளியிலும் பொருள்கள் பூட்டிய அலமாரியில்தான் இருந்தன. ஒருமுறை ஆசிரியை பூட்ட மறந்துபோய், மறுபடி சற்றுத் தாமதமாக வந்து பார்த்தபோது, பிள்ளைகள் தாங்களே கதவைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகே பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகள் அங்கே வந்தன. ஆகவே கூரான கத்தரிக்கோலையும் மைப்புட்டியையும் தவிர வேறெதையும் உயரத்தில் வைக்காதே.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டு உண்டு. மறுநாளுக்குரிய கணக்குத் தாள், எழுத்துப் பயிற்சி, வாசிக்க வேண்டிய இடத்தில் நாடா வைத்த புத்தகம் எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையிலேயே இரவில் அடுக்கி, மேலே சீவிய பென்சிலையும் அன்றைய பட்டியலையும் வைத்துவிடுகிறேன். பென்சில்தானே என்று நினைக்காதே; பென்சில் சீவ எழுந்து போகிற பிள்ளை ஜன்னல், பூனை, தங்கை என்று வழியெல்லாம் நின்று, எதற்கு எழுந்தோம் என்பதையே மறந்து திரும்பி வரும். முடிந்த தாள் தட்டில் தங்காமல் தனிப் பெட்டிக்குப் போகிறது. அதை அன்றே திருத்தித் தேதியிட்டுப் பாடவாரியான கோப்பில் சேர்த்துவிடுகிறேன். தேதியில்லாத தாளைப் பிறகு எடுத்துப் பார்த்தால், பிள்ளை முன்னேறியிருக்கிறதா என்று ஒன்றும் விளங்காது.

ஆனால் இந்த ஒழுங்கே இப்போது எனக்குக் கவலையாகிவிட்டது. பெரியவன் பட்டியலில் மளமளவென்று டிக் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறான். என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறான். ‘27-ஆம் பக்கம்’ என்று நாம் பட்டப்பெயர் வைத்த டீச்சரிடம் நாமும் அப்படித்தான் தப்பித்தோம் என்று நீ சொல்வாய். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் வற்புறுத்திய முறையை ஆகவே பிடித்துக்கொண்டேன்: ஒரே ஒருமுறை வாசித்துவிட்டு, படித்ததைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பாடங்கள் குறுகியவையாக, 20 நிமிடத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பதும் அவர் கருத்துதான். சொல்லி முடித்த பிறகே இப்போது டிக். சின்னவள் மடை திறந்தாற்போல் சொல்கிறாள், நடுவில் கதையில் இல்லாத யானை ஒன்றும் வந்துபோகும்; பெரியவனோ இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறான், மேற்கொண்டு கேட்டால் தோளைக் குலுக்குகிறான்.

ஊமைபோல் உட்கார்ந்திருக்கும் பையன்களைக்கூடப் பேசவைப்பதில் நீ கைதேர்ந்தவள். எந்தக் கேள்வியை முதலில் கேட்பாய், எவ்வளவு நேரம் பொறுத்திருப்பாய் என்பதை விவரமாக எழுது. என்னைப்போல் மாதக்கணக்கில் காக்க வைக்காதே.

அன்புடன்,
உன் அறைத்தோழி