நடனத்துக்கும் ஒரு பாடவேளை கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆறு வயதில் பரதநாட்டியத்தின் முதல் பாடமான தட்டடவு போட ஆரம்பித்தாள், ப்ளஸ் டூ வந்ததும் சலங்கையைப் பரணில் போட்டோம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கல்லூரிக்குப் போய் ஆடிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அங்கே நடனம் என்றால் ஆண்டுவிழாவுக்கு முந்தின பத்து நாள், நாலு மணிக்கு மேல் படிக்கட்டுக்குக் கீழே ஸ்பீக்கர் வைத்து நடக்கும் ஒத்திகை, அவ்வளவுதான். அதற்குப் போனதிலும் வருகைப்பதிவு குறைந்து அபராதம் கட்டினோம்.

நான் நடனத்தில் பட்டம் கேட்கவில்லை. அதற்கு எங்கள் திருச்சியிலேயே கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. கணிதமோ பொருளாதாரமோ படிக்கிற பிள்ளை கூடவே நடனத்தையும் ஒரு பாடமாக எடுத்து, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் வாங்க வழி வேண்டும் என்கிறேன். கலை, அறிவியல் எல்லாவற்றையும் கலந்து படிக்கவிடும் அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் இது சாதாரணம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926-லேயே நடனத்தைப் பட்டப்படிப்பாக்கிய மார்கரெட் டோப்ளர் உயிரியல் படித்தவர், கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர். வகுப்பில் எலும்புக்கூட்டை வைத்து எந்த மூட்டு எப்படி மடங்குகிறது என்று காட்டிப் பாடம் நடத்தினார். மேடைக்கு ஆள் தயாரிப்பது அவர் நோக்கமே இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம். வீணை தனம்மாளின் பேத்தி, பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1960-களில் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார். அவர் தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கமும் விஸ்வநாதன் புல்லாங்குழலுமாகப் பல வருஷம் அங்கேயே ஆசிரியர்களாக இருந்தார்கள். அங்கே படித்த அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ்தான் பிறகு கர்நாடக சங்கீதம் பாடி ஹிக்கின்ஸ் பாகவதர் ஆனார். தஞ்சாவூர் மரபு அவ்வளவு தூரம் போய்ப் பாடமாகிவிட்டது, தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற எங்கள் ஊரில் அது படிக்கட்டுக்குக் கீழே கிடப்பது எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி சமையலறைத் தரையில் நின்று காலால் தட்டிக் காட்டினாள். ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 32 மாத்திரை, 'தகிட தகதிமி' என்ற சொற்கட்டு ஏழு, அதை மூன்று முறை வைத்தால் 21, மிச்சம் 11, அதனால் பன்னிரண்டாவது மாத்திரையில் எடுத்தால் அடுத்த சுற்று தொடங்கும் சமத்தில் வந்து சரியாக விழும் என்று. வகுப்பில் மீதியை வைத்துப் போடும் மாடுலோ கணக்கு என்று நடத்துவது இதுதானம்மா என்றாள். எனக்குக் கணக்கு வராது, ஆனால் அவள் முகம் புரிந்தது.

கலை அறிவியல் கல்லூரிகளில் முதன்மைப் பாடத்துக்கு வெளியே விருப்பப்பட்டு எடுக்கும் நான்-மேஜர் எலெக்டிவ் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதில் நடனத்தைச் சேர்த்தால் போதும். இதுவரை ஆடியே இராத பிள்ளைகளும், பையன்களும் எடுக்கும்படி, முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அரைமண்டியிலிருந்து தொடங்கட்டும். மதிப்பெண் எப்படிப் போடுவது என்பார்கள், ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வுக்குப் போடுகிற மாதிரிதான். சரி, செலவு? வாரம் இரண்டு மணி நேரம், ஒரு ஆசிரியர், மேசை நாற்காலி இல்லாத ஒரு அறை. அடுத்த கல்வியாண்டுப் பாடத்திட்டம் போடுகிறவர்கள் இதை எடுத்துப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், திருச்சி