பாயாசமும் சிவப்பு அலுமாரி அகப்பையும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன ஞாயிறு பாயாசம் ஏன் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்று பலர் கேட்டீர்கள். பிழை என்னுடையதுதான்.

நாம் வாடகைக்கு எடுத்திருப்பது ஒரு யூதப் பாடசாலைக் கட்டடம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், கட்டடம் பூட்டியிருக்கும். அதனால்தான் நமக்கு ஞாயிறு வகுப்பு. அவர்களுடைய குசினியில் எல்லாமே இரண்டிரண்டு: சிவப்பு அடையாளம் ஒட்டியது இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. மண்டபத்தில் நம் மின் அடுப்பில் பால் பாயாசம் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அவசரத்தில் குசினிக்குள் ஓடிப்போய், சிவப்பு அலுமாரியில் கைக்கு வந்த அகப்பையை எடுத்து வந்து கிளறிவிட்டேன். பராமரிப்பாளர் வாசலில் நின்று பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

'ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே' என்று அவர்களுடைய வேதமான தோரா மூன்று இடங்களில் சொல்கிறது. அந்த ஒரு வரியிலிருந்துதான் இத்தனையும். இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைப்பதும் கூடாது, உண்பதும் கூடாது. இறைச்சி சாப்பிட்டால் பால் தொட ஆறு மணி நேரம் காத்திருப்பவர்களே அதிகம். ஜெர்மன் வழிவந்தவர்களுக்கு மூன்று, ஒல்லாந்து வழக்கத்தில் ஒன்று. பாத்திரத்துக்கும் இதே கட்டுப்பாடு. சூடு பட்டால் சுவை உலோகத்துக்குள் இறங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அகப்பையை 24 மணி நேரம் பாவிக்காமல் வைத்திருந்து, பிறகு கொதிநீரில் முக்கி எடுத்தார்களாம். பீங்கானாக இருந்திருந்தால் அதற்கும் வழியில்லை. நம் பிள்ளைகள் பாயாசம் குடிக்க ஒரு தடையும் இல்லை, ஆனால் அதற்குமேல் அங்கே நின்று பரிமாற எனக்கு முகமில்லை. பானையோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சரி, இனிப்புக்கு வருவோம். பிறந்தநாளுக்குக் கொண்டுவரும் ஜெலி இனிப்புகளில் பெரும்பாலும் ஜெலற்றின் இருக்கும். அது பன்றியிலிருந்தோ, அவர்கள் முறைப்படி அறுக்காத மாட்டிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். இரண்டும் அவர்களுக்கு ஆகாது. சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் ஈ120 (E120) என்ற சாயம் ஒரு பூச்சியிலிருந்து வருவது, அதுவும் ஆகாது. (சைவச் சாப்பாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள், பேக்கற்றைத் திருப்பிப் பாருங்கள்.) மீன் ஜெலற்றினில் செய்த கோஷர் (யூத உணவு விதிப்படியான) ஜெலியும் கடையில் கிடைக்கிறது.

தொதல் கொண்டுவரலாமா என்று ஒரு அம்மா கேட்டார். தேங்காய்ப்பால் பால் கணக்கில் சேராது. மீன், முட்டை, மரக்கறி போல அதுவும் இரண்டிலும் படாத 'பார்வே'. ஆனாலும் 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோ நகரில் இருந்த ரபி (யூத மதகுரு) மோசே இசர்லிஸ், இறைச்சியோடு பாதாம்பால் வைத்தால் பக்கத்தில் நாலு பாதாம்பருப்பும் வையுங்கள், பார்ப்பவர் பசும்பால் என்று நினைத்துவிடுவார் என்றார். அந்தக் கணக்கில் தொதல் தட்டில் ஒரு தேங்காயும் வைக்க வேண்டியிருக்கும்! ஆனால் நம் வீட்டுச் சட்டி கோஷர் சட்டி இல்லை. ஆகவே அது வீட்டோடு இருக்கட்டும்.

இனி யாரும், என்னையும் சேர்த்துத்தான், அந்தக் குசினிக்குள் போகக் கூடாது. பிறந்தநாள் இனிப்பு என்றால் கே.எல்.பி.டி. (KLBD, லண்டன் யூத மத நீதிமன்றத்தின் முத்திரை) போன்ற கோஷர் முத்திரையுள்ள, உடைக்காத பேக்கற்றாக இருக்கட்டும்.

பாயாசம் கிடைக்காத பிள்ளைகளுக்கு வரும் ஞாயிறு தோடம்பழம் கொடுப்போம். வெட்டாமல், முழுப் பழமாக.

அன்புடன்,
தலைமையாசிரியர்