முதல் ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் வேண்டாம், ஆசாரி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கோவைப் பதிப்பு எல்லை தாண்டி கேரளத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கும் காலையிலேயே வந்துவிடுகிறது. போன வாரம் விளையாட்டுப் பக்கத்தில், காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் இந்த விளையாட்டுக்கு வரவேண்டும் என்று எழுதியதற்கு நன்றி. ஆனால் முதல் துப்பாக்கி வாங்குகிறவர் அதோடு சேர்த்து என்னென்ன வாங்கி மாட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்களே, ஸ்கோப் (குறியைப் பெரிதாகக் காட்டும் குழாய்), பைபாட் (துப்பாக்கியைத் தாங்கும் இரட்டைக் கால்), பவர் கூட்டும் ஸ்பிரிங் என்று, அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பட்டியலை நம்பி நாலு வீட்டில் காசு போகும். பிள்ளை அப்புறமும் சரியாகச் சுட மாட்டான். சுடத் தெரியவில்லை என்று அவன் தலையில்தான் பழி விழும்.

10 மீட்டர் பந்தயம் எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள். எதிரே இருக்கும் அட்டையில் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர், அவ்வளவுதான். பெல்லட்டே, அதாவது சுடுகிற சிறு குண்டே, 4.5 மில்லிமீட்டர் என்பதால் பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. நின்றுகொண்டு சுட வேண்டும். ஸ்கோப் போட்டுச் சுட விதியில் இடமே கிடையாது, நம் நாட்டுப் போட்டிகளில் புதிதாக வருகிறவர்களுக்கு ஓபன் சைட் (திறந்த பள்ளம் வழியே குறி பார்ப்பது) பிரிவு, அடுத்து பீப் சைட் (சின்னத் துளை வழியே குறி பார்ப்பது) பிரிவு. நின்று சுடுகிற விளையாட்டில் பைபாடுக்கு வேலை என்ன? ஆக உங்கள் பட்டியலில் முதல் இரண்டும் போட்டிக்கே ஆகாது.

சரி, எதற்குத்தான் செலவு செய்யலாம்? துப்பாக்கியைப் பிள்ளையின் உடம்புக்குப் பொருத்துவதற்கு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். கடையில் கிடைக்கும் சாதாரண ஏர் ரைபிள் வளர்ந்த ஆணின் கைக்கு அளவெடுத்தது. பதின்மூன்று வயதுப் பெண் அதைத் தூக்கினால் பெரியவர் சைக்கிளில் குரங்குப் பெடல் போடுகிற மாதிரிதான், ஓடும், ஆனால் உடம்பு கோணும். ட்ரிகர் எட்டாது, அதனால் தோள் முன்னால் வரும், தோள் வந்தால் கழுத்து நீளும், கழுத்து நீண்டால் ஒவ்வொரு தடவையும் கண் வேறு வேறு இடத்தில் வந்து நிற்கும். பத்து மீட்டரில் அந்த வித்தியாசம் அட்டையில் அப்படியே தெரியும்.

என் மகளுடைய ரைபிளைச் சொல்கிறேன். ட்ரிகரிலிருந்து, தோளில் முட்டும் பட் முனை வரை 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. அளவு பார்க்க எளிய வழி இருக்கிறது: துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முழங்கையை மடக்கி, மடிப்பில் பட் முனையை வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் வந்து உட்கார வேண்டும். அவளுக்கு விரல் நுனிகூட சரியாக எட்டவில்லை. 12½ அங்குலம் இருந்தால் போதும் என்று தெரிந்தது. எங்கள் தெரு ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் துப்பாக்கியைத் தொடவே தயங்கினார், "ஏனுங்க, போலீஸ் கேஸ் ஆகிடாதுங்களா" என்று கேட்டார். ஸ்டாக் என்கிற மரக் கட்டை மட்டும் தனியே கழன்று வரும், இரும்பு வீட்டிலேயே இருக்கும், உங்களுக்கு இது வெறும் மரம் என்று காட்டிய பிறகுதான் சம்மதித்தார். அறுக்கிற கோட்டின் மேல் டேப் சுற்றி, மரம் சிலும்பாமல் மெல்லிய வாளால் நிதானமாக அறுத்தார். அறுத்த துண்டைத் தூக்கிப்போட விடவில்லை. அதையே வில்லை வில்லையாகச் சீவி, துளை போட்டு வைத்துக்கொண்டோம். பிள்ளை வளர வளர ஒரு வில்லையைச் சேர்த்து, கொஞ்சம் நீளமான ஸ்குருவைப் போட்டு, தோளில் படும் பட் பிளேட்டை மூட்டினால் போதும், புதுத் துப்பாக்கி வேண்டாம். இது மரக் கட்டைக்கு மட்டும் பொருந்தும், பிளாஸ்டிக் ஸ்டாக் உள்ளே பொள்ளல், அதை அறுத்தால் பாழ்தான்.

அடுத்தது கன்னம். அவள் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏந்தி, தலையை இஷ்டத்துக்குச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னோம். கண் சைட்டுக்குக் கீழே இருந்தது, எட்டிப் பார்க்கக் கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தது. ஆசாரி ஒரு பலாக்கட்டைத் துண்டை இழைத்துக்கொண்டே, "கண்ணு, மறுபடி சாய்" என்று அவளைத் திரும்பத் திரும்பச் சாயவைத்துப் பார்த்தார். கட்டைக்கு அடியில் ரப்பர் ஷீட்டை ஒவ்வொரு அடுக்காக வைத்து உயரம் கூட்டினார். எந்த அடுக்கில் கண்ணைத் திறந்ததும் சைட் தானாக நேரே வந்து நின்றதோ அந்த உயரத்தில் வெல்க்ரோ போட்டுக் கட்டினோம். இதில் ஒரு வரிசை உண்டு, பட் நீளமும் உயரமும் முடிந்த பிறகுதான் கன்னக் கட்டை. மாற்றிச் செய்தால் இரண்டு வேலை. 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவோ, நம் கடலூரில் பிறந்து 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவனோ சுடுகிற வகை ரைபிளில் இந்தக் கன்னக் கட்டையும் பட் பிளேட்டும் தனித்தனியே ஏறி இறங்கித் திரும்பும். லட்சக்கணக்கில் விலை கொடுக்கிறவர்கள் பெரிதும் இந்த வசதிக்காகத்தான் கொடுக்கிறார்கள். அதில் பாதியை ஆசாரி கூலியில் வாங்கிவிடலாம் என்பதைத்தான் உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

பீப் சைட் பிரிவுக்குப் போகும்போது டயாப்டர் (பின்னால் மாட்டும் துளை சைட்) வாங்கலாம், அது வீண் செலவில்லை. அதிலும் முன் சைட்டின் வளையத்தைச் சின்னதாகப் போட்டால் துல்லியம் கூடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிய வேண்டும். இடம் இறுக்கமாக இருந்தால் துப்பாக்கியின் சின்ன அசைவும் பெரிதாகத் தெரிந்து பிள்ளை பயந்து ட்ரிகரைப் பிடுங்குவான். குறி பார்க்காத கண்ணையும் மூட வேண்டாம். அந்தக் கண்ணுக்கு முன்னால் மூன்று சென்டிமீட்டருக்கு மிகாத வெள்ளைத் தாள் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் போதும், முகம் இறுகாது.

இப்போது அந்த ஸ்பிரிங் விஷயம். இதைத்தான் கோபத்தோடு எழுதுகிறேன். உலகப் போட்டிகளில் இருக்கும் ரைபிள்கள் அரை கிராம் பெல்லட்டை நொடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் அனுப்புகின்றன, கணக்குப் போட்டால் சக்தி ஏறக்குறைய 7½ ஜூல்தான் (ஜூல் என்பது சக்தியை அளக்கும் அலகு) வரும். அட்டையில் ஓட்டை போட அது தாராளம். ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் ஓடி முட்டுகிறது, துப்பாக்கி முன்னும் பின்னும் குலுங்குகிறது. கனமான ஸ்பிரிங் போட்டால் அந்தக் குலுக்கல்தான் கூடும், பிள்ளைக்குப் பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கவும் முடியாது. சட்டமும் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளை, 20 ஜூலுக்கு மிகாத சக்தி, இந்த இரண்டுக்குள் இருந்தால்தான் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஸ்பிரிங்கை மாற்றி அந்தக் கோட்டைத் தாண்டினால் வீட்டில் லைசென்ஸ் இல்லாத ஆயுதம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு .22 தோட்டா ரைபிளுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதற்கு லைசென்ஸ் கட்டாயம், குழலைக் குட்டையாக்குவதற்கே தனி லைசென்ஸ் வேண்டும் என்று 1959 ஆயுதச் சட்டம் சொல்கிறது. மரத்தில் கை வையுங்கள், இரும்பில் வைக்காதீர்கள்.

ட்ரிகரை மட்டும் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் ஸ்குருவில், அவர் சொன்ன அளவுக்குள் திருத்தலாம். முதல் கட்டம் இழுத்ததும் ஒரு இடத்தில் நிற்க வேண்டும், அங்கிருந்து லேசாக அழுத்தினால் வெடிக்க வேண்டும், அந்த நிற்கிற இடம் தெளிவாக இருந்தால் போதும். உள்ளே திறந்து அரம் போட்டு ராவுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுக்காதீர்கள். தட்டினாலே வெடிக்கிற துப்பாக்கியைப் பிள்ளை கையில் கொடுக்க எந்தத் தகப்பனுக்கும் மனசு வராது. பேரலை மடக்கிப் பெல்லட் போடும்போது இன்னொரு கை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும், அது திரும்ப அடித்தால் விரல் நசுங்கும்.

குண்டு சிதறுகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு ஸ்டாக் ஸ்குரு தளர்ந்திருக்கும். ஸ்பிரிங் குலுக்கலில் அது தானாகக் கழலும், சுடத் தொடங்கும் முன் ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள். பெல்லட் தட்டைத் தலை கொண்டதாக இருக்கட்டும், அதுதான் அட்டையில் வட்டமாக வெட்டிய மாதிரி ஓட்டை போடும், மதிப்பெண் சண்டை வராது. டப்பாவின் மேல் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு போட்டிருப்பார்கள். மூன்றிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி, மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். எந்த அளவுக்கு ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுகிறதோ அதுவே உங்கள் பேரலுக்குரியது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துவந்தது உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டும், ஸ்பிரிங் துப்பாக்கியின் உள்ளே சாதாரண எண்ணெய் விட்டால் அழுத்தத்தில் அது பற்றி வெடிக்கும், சீல் போய்விடும். காற்று அடைத்த சிலிண்டர் வகைக்கு மாறினால் சிலிண்டரில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் காற்றே ஈரம், ஈரம் வடிகட்டாமல் அடைத்தால் உள்ளே துரு பிடிக்கும். வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சும்மா கிடைக்கிறதே என்று அதை அடைக்கவே கூடாது. எண்ணெய்ப் பசையும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் சிலிண்டர் வெடித்து ஆள் சாவான். இந்த ஒரு வரியையாவது கொட்டை எழுத்தில் போடுங்கள்.

எங்கள் ஊரில் துப்பாக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் முதல் கேள்வி "பன்றிக்கா?" என்பதுதான். 2022இல் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்ததிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. அது லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுடைய வேலை, ஏர் ரைபிளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தென்னந்தோப்பில் திரியும் மயிலையோ மைனாவையோ நோக்கி நீட்டினால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் கேஸ், பிள்ளையின் எதிர்காலமும் அதோடு சேரும். சுடுகிற இடம் மூடிய கூடமாக, பின்னால் செங்கல் சுவர் உள்ளதாக இருக்க வேண்டும். அட்டைக்குப் பின்னால் சாய்த்த இரும்புத் தகடு போட்ட பெட்டி, கண்ணுக்குக் கண்ணாடி, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல், பெல்லட் ஈயம் அல்லவா. துப்பாக்கி வாங்கிய ரசீதை எப்போதும் பையில் வைத்திருங்கள், வாளையாறு எல்லைச் சோதனையில் கேட்டால் காட்டலாம்.

எங்கள் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வசதி கொஞ்சம். 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய நல்ல ரேஞ்ச் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இருக்கிறது, அங்கே போய்வர ஒரு நாள் போய்விடும். கோவை பக்கம்தான், ஆனால் அது வேறு மாநிலம். பத்து மீட்டர் ரேஞ்சுக்கு நீளமான ஒரு கூடம் போதும், சனி ஞாயிறு பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கூடத்து ஹாலே போதும் என்று பாலக்காட்டிலும் எங்கள் பக்கத்துச் சித்தூரிலும் பல பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீங்களும் எழுதினால் காது கொடுப்பார்கள். பாலக்காடு, கோவை இரண்டு மாவட்டப் போட்டி அறிவிப்புகளையும் எங்களுக்கு வரும் பதிப்பில் சேர்த்துப் போட்டால் பெற்றோர் கடைசி நாளில் ஓட வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, பெற்றோர் துப்பாக்கி வாங்கப் போவது அந்தச் சமயத்தில்தான், அதற்கு முன்னால் வந்தால் உபயோகம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்