இந்த ஆண்டுச் சுற்றுலா பள்ளிக்கரணைக்கு இருக்கட்டும்

சென்னைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். கேளிக்கைப் பூங்காவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இந்த முறை பிள்ளைகளைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வேளச்சேரி, பெருங்குடிப் பிள்ளைகள் பலர் அந்தச் சதுப்பு நிலத்தை அன்றாடம் கடக்கிறார்கள். குப்பைக் கிடங்கின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்வதோடு அந்த இடத்துடன் அவர்களுக்குள்ள உறவு முடிந்துவிடுகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த நிலம் அது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் பக்கம் கடலில் சேர்கிறது. 'மழை பெய்தால் நம் தெருவில் மட்டும் ஏன் தண்ணீர் நிற்கிறது?' என்று கேட்கும் பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். சதுப்பை மேடாக்கி எழுப்பிய கட்டடங்களும் தெரியும். தண்ணீருக்கு மிஞ்சியிருக்கும் இடமும் தெரியும். விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மார்கழி, தை மாதங்களில் வலசை வந்த பறவைகளும் இருக்கும். பூநாரை கண்ணில் பட்டால் கொண்டாட்டம்தான். ஆனால் எனக்கு நீலத் தாழைக்கோழிதான் பெரிது. கோரைத் தண்டைப் பிடுங்கி, கை போல ஒரு காலால் பிடித்துக்கொண்டு அது தின்னும் அழகைப் பார்த்த பிள்ளை அந்த இடத்தை இனி வெறும் குப்பைமேடு என்று சொல்லாது.

கிண்டியிலும் சிறுவர் பூங்காவின் கூண்டுகளோடு திரும்பிவிடுகிறோம். அதை ஒட்டியே சுமார் 2.7 சதுர கிலோமீட்டரில் தேசியப் பூங்கா இருக்கிறது. வெளிமானும் புள்ளிமானும் திரியும் காடு, நகரத்தின் நடுவில்! வனத் துறையிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். பெரிய வகுப்பு மாணவர்களுக்கு, சனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும் ஆமை நடையும் (முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி இரவில் கரையோரம் நடப்பது) உண்டு. பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காக்க 1988 முதல் அதை நடத்திவருபவர்களே மாணவர்கள்தாம்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, வெயில் ஏறுமுன் போய்வரலாம். ஒன்று மட்டும்: திரும்பியதும் கட்டுரை எழுதச் சொல்லி மதிப்பெண் போடாதீர்கள். பார்த்ததை அவர்கள் பேசித் தீர்க்கட்டும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு தேதியைக் குறியுங்கள். குழுவுக்கு இரண்டு பெற்றோர் வீதம் துணைக்கு வருமாறு கேளுங்கள். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து ஒரு தாய்