வெள்ளம் நின்ற உயரத்தைத் தெருவில் எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழோடு வந்த வீட்டு விளம்பரங்களில் ஒரு முழுப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன். அடையாற்றங்கரையில் புதிதாக வரப்போகும் அடுக்குமாடி அது. நீச்சல் குளம், மாடித் தோட்டம், ஆற்றைப் பார்த்த பால்கனி என்று எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் அந்த மனையில் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்று எங்கேயும் இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கோட்டூர்புரத்தில் 32 வருடமாகக் குடியிருக்கிறேன், தரைத்தளத்தில். எங்கள் பகுதியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தெருவெல்லாம் தூங்குமூஞ்சி மர நிழல். நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம், இந்தப் பக்கம் பறக்கும் ரயில் நிலையம். காலையில் கோட்டூர்புரம் பாலத்தில் நின்றால் சேற்றில் கொக்குகள் மேய்வதைப் பார்க்கலாம். சாக்கடை கலந்து நாறுகிற நாளிலும் அது ஆறுதான். அதைப் பார்த்துக்கொண்டே என் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

டிசம்பர் 1 ராத்திரி தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நினைத்து, பழைய புடவைகளைச் சுருட்டி நிலைப்படியில் அணை போட்டோம். அது முதலில் வந்தது குளியலறையில், தரையில் இருக்கும் வடிகால் ஓட்டை வழியாக. குபுகுபுவென்று கறுப்பாகக் கொப்பளித்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பத்தை எடுத்து மேலே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முழங்கால் நனைந்துவிட்டது. கரண்ட் போனது. போன் எடுக்கவில்லை. இரண்டாம் மாடி வீட்டில் எட்டுக் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் மீனவர்கள் தங்கள் படகைக் கொண்டுவந்து எங்களை இறக்கினார்கள். அவர்கள் யாரும் காசு வாங்கவில்லை.

அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்ததைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதை மட்டுமே பேசியதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அடையாறு செம்பரம்பாக்கத்தை மட்டும் நம்பி ஓடும் ஆறு இல்லை. ஆதனூர்ப் பக்கம் தொடங்கி, மண்ணிவாக்கம், முடிச்சூர் என்று வழியிலுள்ள ஏரிகளின் உபரி நீரெல்லாம் அதில்தான் விழுகிறது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்துத் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அத்தனையும் கடலுக்குப் போக வேண்டிய வழி எங்கள் தெருக்களை ஒட்டித்தான். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தாலோ கடல் ஏறியிருந்தாலோ தண்ணீர் பின்வாங்கி இங்கேயே நிற்கும். எங்கள் தலைக்கு மேல் மழை விட்டிருந்தாலும் ஆறு ஏறலாம். இது புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பக்கத்துக் கட்டடத்தை இடித்துக் கட்டினார்கள். போன வருடம் அதில் ஓர் இளம் தம்பதி வயதான அம்மாவோடு வந்தார்கள். நடக்க முடியாதவர் என்பதால் அவருக்கென்று தரைத்தளத்தில் ஓர் அறை. அப்புறம் ஒரு நாள் பேச்சுவாக்கில் 2015 கதையைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "எங்ககிட்ட யாரும் சொல்லலையே ஆன்ட்டி" என்றாள். சொல்ல யார் இருக்கிறார்கள்? அன்று எங்களோடு மாடியில் உட்கார்ந்திருந்த எட்டுக் குடும்பத்தில் ஐந்து விற்றுவிட்டுப் போய்விட்டது. மற்ற புதுக் கட்டடங்கள் பலவற்றில் கீழே தூண் நிறுத்தி வண்டிகளுக்கு விட்டு, வீடுகளை மேலே ஏற்றிவிட்டார்கள், சரி. ஆனால் மின்சாரப் பெட்டியும் வாட்ச்மேன் அறையும் கீழேதான். அந்த அறையில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் படுத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரம் இருந்த ஏழைக் குடும்பங்கள் பலவற்றை ஆக்கிரமிப்பு என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவும் அதில் ஒருவர். கொஞ்ச நாள் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். கட்டுப்படியாகாமல் நின்றுவிட்டார். கடைசியாக வந்த அன்று, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் துடைத்துக்கொண்டே, "எங்க வீடு மட்டும்தான் ஆத்துல இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் துடைத்துக்கொண்டிருந்த கோடு என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. நம் கையில் பட்டா இருப்பதால் ஆறு ஒதுங்கிப் போகவில்லையே.

எனவே என் கோரிக்கை இதுதான். அடையாற்றை ஒட்டிய ஒவ்வொரு தெருவிலும், மின்கம்பத்திலோ பொதுச் சுவரிலோ, 2015-ல் தண்ணீர் நின்ற உயரத்தை மாநகராட்சி பெயின்டால் கோடு போட்டு வருடத்தோடு எழுத வேண்டும். பெரிய செலவில்லை. ஞாபகம் உள்ளவர்கள் ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டும். வீடு விற்கிறவர்களும் வாடகைக்கு விடுகிறவர்களும் அந்த உயரத்தை எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஆற்றங்கரை வீட்டு விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் அந்த ஒரு எண்ணைக் கேளுங்கள்.

எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "கோடு போட்டால் விலை விழுந்துவிடும், பேசாமல் இருங்கள்" என்றார்கள். கோபப்பட்டவர்களில் பாதிப் பேர் அன்று என்னோடு படகில் வந்தவர்கள். வாழ்நாள் சேமிப்பை வீட்டில் போட்டவர்களின் பயம் எனக்குப் புரிகிறது, என் சேமிப்பும் இங்கேதான் இருக்கிறது. அதற்காகப் பக்கத்துக் கட்டடத்து அம்மாவின் கட்டிலைத் தரைத்தளத்திலேயே கிடக்கவிட முடியுமா? 2023-ல் மிக்ஜாம் புயல் வந்த ராத்திரி நான் குளியலறை விளக்கை அணைக்காமல் அந்த வடிகால் ஓட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாநகராட்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று போன வாரம் எங்கள் கேட் தூணில் நானே மஞ்சள் பெயின்டில் எழுதிவிட்டேன்: 2-12-2015, நான்கு அடி எட்டு அங்குலம். பக்கத்து வீட்டுப் பெண் வந்து அதன் அருகில் நின்று பார்த்தாள். மறுநாள் அவள் மாமியாரின் கட்டிலை முதல் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டூர்புரம், சென்னை-85.