புத்தகம் இருக்கிறது, தேடினால் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு கல்விப் பக்கக் கட்டுரையில், 'நூலகமே கைப்பேசிக்குள் வந்துவிட்ட பிறகும் இன்றைய மாணவர்களுக்குத் தேடிப் படிக்கும் பொறுமை இல்லை' என்று ஒரு வரி. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஏற்காட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் நாளிதழை அதைவிட அதிக காலமாக வாசிக்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

என்னிடம் படித்த மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி இப்போது முதுகலை படிக்கிறாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களுடைய பாடல்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமென்று போன மாதம் என்னைத் தேடி வந்தாள். அவள் ஊரில் சிக்னல் கிடைக்காது. என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தன் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தைத் திறந்தாள் (பெயர் வேண்டாம், இன்னும் ஓராண்டு அங்கே படிக்க வேண்டியவள்). முதலில் ஓடும் படங்கள்: திறப்பு விழா, குத்துவிளக்கு, பொன்னாடை. தள்ளித் தள்ளிக் கீழே போனால் 'ஓபேக்' என்று ஒரு பொத்தான். "ஓபேக்னா என்னங்க டீச்சர்?" என்றாள். 'புத்தகம் தேட' என்று போட்டிருந்தால் கேட்டிருப்பாளா?

மேலே இருந்த பெட்டியில் தமிழில் 'சேர்வராயன் மலை' என்று தட்டினாள். அந்தப் பெட்டி அறிவிப்புகளை மட்டும்தான் தேடுமாம், பிறகுதான் தெரிந்தது. ஓபேக்கில் சேர்வராயன், ஏற்காடு, மலையாளி என்று ஏழெட்டு முறை மாற்றி மாற்றித் தட்டினாள். ஒவ்வொரு முறையும் 'பதிவு இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நம்ம மலையைப் பத்தி யாருமே எழுதலை போலிருக்குதுங்க டீச்சர்" என்றாள்.

ஆசிரியர் அவர்களே, லெஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883-லேயே வந்துவிட்டது. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு, 1918-ல் வந்தது. அடுத்த வாரம் அவள் நேரில் போய்க் கேட்டபோது, நூலகர் ஐந்தே நிமிடத்தில் கெசட்டியரையும் மலை மக்கள் பாடல்கள் பற்றிய இரண்டு தமிழ்ப் புத்தகங்களையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். நல்ல மனிதர். காரணத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். பட்டியலைக் கணினியில் ஏற்றியபோது தமிழ்த் தலைப்புகளையும் ஆங்கில எழுத்தில் ஏற்றிவிட்டார்கள். 'ழ'வுக்கு ஒருவர் இசட் போட்டார், இன்னொருவர் எல் போட்டார். அன்று ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டதே 2010-ல்தான். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டனவே! பல நூலகங்களில் இருக்கும் கோஹா என்ற இலவச மென்பொருள் தமிழ் எழுத்தை ஏற்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தமிழில் தட்டினால் தமிழ்ப் புத்தகம் வருகிறது.

எனக்கும் பழைய காயம் உண்டு. பகுதிநேர ஆய்வாளராக இருந்தபோது, சனிக்கிழமை திறந்திருக்கும் என்று இதே தளத்தில் பார்த்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். கதவில் ஒரு தாள்: 'இன்று விடுமுறை'. திரும்பி மலையேறுவதற்குள் இருட்டிவிட்டது. தளத்தில் இருந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. உங்களுக்கும் எழுதினேன், வெளிவரவில்லை. பிறகு தளத்தைப் புதுப்பித்தார்கள். நிறம் மாறியது, படங்கள் கூடின.

அந்தப் படங்களில் ஒன்று, ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தில் எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுவது. சீர்காழியில் பிறந்த அந்த நூலக அறிஞர் 1931-ல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. நீங்கள் அறியாததல்ல. மாலைக்குக் கீழேதான் என் மாணவி ஒரு மணி நேரம் தேடினாள். அவளுக்கா பொறுமை இல்லை?

ஐந்து பேரைத் தளத்தின் முன் உட்காரவைத்து, குறுக்கே பேசாமல் கவனித்தாலே பெரும்பாலான தடங்கல்கள் தெரிந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேகப் நீல்சன் 2000-லேயே எழுதினார். அதற்கு டெண்டர் விட வேண்டாம், அரை நாள் போதும். பட்டியலைத் தமிழில் மாற்ற நாளாகும், தெரியும். இப்போதைக்கு 'ஓபேக்' என்பதைப் 'புத்தகம் தேட' என்று மாற்றி, இன்று நூலகம் உண்டா இல்லையா என்பதை முதல் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தையாவது வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
தமிழாசிரியை,
ஏற்காடு.